பந்தல் பிரிப்பவர்கள்

கன்று ஈன்ற பசு நஞ்சுக்கொடியைப் போடும்வரை வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. விழுந்ததும் நாய் இழுத்துப் போய்விடாமல் எடுத்து, பழைய சாக்கில் சுற்றி, ஊர்க்கோடி ஆலமரத்தில் கட்டிவிட்டு வருவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவுக்கும் பால் ஊறும் என்று ஒரு நம்பிக்கை. மனிதர்களுடையது முன்பு மண்ணுக்குள் போனது; இப்போது ஆஸ்பத்திரியின் மஞ்சள் பைக்குள் போகிறது. மாட்டுடையதானாலும் மனிதருடையதானாலும் வேலை முடிந்துபோன பொருள். பேரிலேயே நஞ்சை வைத்துக்கொண்டிருப்பதை யார் வேண்டுமென்று கேட்கப்போகிறார்கள்?

1980களின் கடைசியில் கேட்டார்கள். பிரான்சில் லியோன் நகரத்து மெரியூ நிறுவனம் பல நாட்டுப் பிரசவ விடுதிகளிலிருந்து நஞ்சுக்கொடிகளை உறைய வைத்து வரவழைத்து, அவற்றிலிருந்து ரத்தப் புரதங்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தது. அதே நஞ்சுக்கொடிகளிலிருந்து இன்னொரு சாறும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி, அமெரிக்காவின் பாஸ்டன் பக்கம் இருந்த ஜென்சைம் என்ற சிறு நிறுவனத்துக்குப் போனது. அங்கே அதை வடித்து, பிரித்து, மறுபடி வடித்தால் கடைசியில் கொஞ்சம் நொதி மிஞ்சும். ஒரே ஒரு நோயாளிக்கு ஓராண்டு கொடுக்க வேண்டிய மருந்துக்கு ஏறக்குறைய 20,000 நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன. ஒரு மனிதர் ஓராண்டு நலமாக இருக்க இருபதாயிரம் குழந்தைகள் பிறந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை முதலில் படித்தபோது அச்சுப் பிழை என்றே நினைத்தேன். பிழையில்லை. அப்படி ஒரு மருந்து தேவைப்பட்ட நோய் எது, அதற்கு நஞ்சுக்கொடிதான் வேண்டும் என்று யார் கண்டுபிடித்தார் என்று தேடிப்போனால், அது ராஸ்கோ பிரேடி என்ற உயிர்வேதியியலாளரிடம் கொண்டுபோய் விடுகிறது. வாழ்நாள் முழுக்க அவர் துரத்தியது நம் உடம்பின் ஒவ்வொரு செல்லையும் போர்த்தியிருக்கும் ஒரு கொழுப்பை.

முதலில் நோய். 1882இல் பாரிஸில் பிலிப் கோஷே என்ற இளம் மருத்துவர் தன் பட்ட ஆய்வில் 32 வயதுப் பெண் ஒருவரின் மண்ணீரலைப் பற்றி எழுதினார். இடது விலாவுக்குக் கீழே கைப்பிடிக்குள் அடங்க வேண்டிய உறுப்பு, வயிற்றையே அடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே பெரிது பெரிதாக, வீங்கிய செல்கள். அதைப் புற்றுநோய் என்றே அவர் நினைத்தார். முடிவு தவறு, ஆனாலும் நோய்க்கு அவர் பேரே நிலைத்துவிட்டது. மருத்துவ வரலாற்றில் இது சகஜம். விளக்கம் தப்பானாலும், கண்ணால் கண்டதைச் சரியாக எழுதி வைத்தவருக்கு இடம் உண்டு.

கோஷே செல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். செல்லின் கரு ஓரமாக ஒதுக்கித் தள்ளப்பட்டிருக்கும். மீதி இடமெல்லாம் வெங்காயச் சருகைக் கையில் வைத்துக் கசக்கியதுபோல மெல்லிய மெல்லிய மடிப்புகள். இப்படிப்பட்ட செல்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் வந்து குவியும். மண்ணீரல் பத்து மடங்கு, இருபது மடங்கு பெருக்கும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் அங்கேயே மாட்டிக்கொள்வதால் லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போகும். மஜ்ஜையில் இடமில்லாமல் ரத்தசோகை வரும். எலும்பு உள்ளிருந்தே வலிக்கும்; தொடை எலும்பு ஒருநாள் சாதாரண நடையில் முறியும். வயிறு முன்தள்ளிய, வெளிறிய, அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் குழந்தைகள். மண்ணீரலை அறுத்து எடுப்பார்கள். வேறு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

அந்த மடிப்புகளில் இருந்தது ஒரு கொழுப்பு. கொழுப்பு என்றால் நமக்கு நினைவுக்கு வருவது ஆட்டுக்கறியின் ஓரத்து வெள்ளை, ரத்தப் பரிசோதனைத் தாளில் சிவப்பு மையில் வட்டமிட்ட எண், அல்லது எதிர்த்துப் பேசும் பிள்ளைக்குக் கிடைக்கும் வசவு. மூன்றிலும் கொழுப்பு என்றால் மிகுதி. செல்லுக்குள் அப்படியில்லை. அங்கே கொழுப்புதான் சுவர். ஒரு மில்லிமீட்டரில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு தடிமனுள்ள படலம். இரண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறுகள், வால்கள் உள்ளே, தலைகள் வெளியே. உள்ளுக்கும் வெளிக்கும் நடுவில் அதுதான் வேலி. அது இல்லையென்றால் செல் என்று ஒன்று இல்லை.

அந்தச் சுவரில் இருக்கும் விசித்திரமான ஒரு கொழுப்புக் குடும்பத்தை முதலில் கண்டவர் யோஹான் தூடிஹும். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய மருத்துவர். மாட்டு மூளையையும் மனித மூளையையும் ஆல்கஹாலில் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, அடியில் படிவதைப் பிரித்து, மறுபடி கரைத்து, மறுபடி படியவிட்டு என்று வருடக்கணக்கில் உட்கார்ந்தார். நீரை எடுத்துவிட்டால் மூளையில் பாதியளவு கொழுப்புதான் என்பதால் அவருக்குச் சரக்குக்குப் பஞ்சமில்லை. மூளை முழுக்க 'புரோட்டகான்' என்ற ஒரே பெரிய பொருள்தான் என்று அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது ஒரு பொருளே அல்ல, கலவை என்றார் இவர். திட்டு வாங்கினார். 1901இல் இறந்த பிறகுதான் அவர் சொன்னது சரியென்று உலகம் ஒப்புக்கொண்டது. சமையற்கலை பற்றியும் திராட்சை மதுவைப் பற்றியும்கூட அவர் தடித்த புத்தகங்கள் எழுதியிருக்கிறார். கொதிக்கவைத்து, ஆறவைத்து, அடியில் என்ன தங்குகிறது என்று பார்ப்பவருக்கு ஆய்வகத்துக்கும் அடுப்படிக்கும் பெரிய தூரம் இல்லைபோலும்.

1884இல் வந்த அவருடைய மூளை வேதியியல் நூலில் ஒரு புதுப் பொருள் வருகிறது. அது எதற்காக இருக்கிறது, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவே இல்லை. விடுகதை போட்டு வழிப்போக்கர்களைத் திணறடித்த கிரேக்கப் புராணத்து ஸ்பிங்க்ஸின் பேரை அதற்கு வைத்தார்: ஸ்பிங்கோசின். இந்த ஸ்பிங்கோசினோடு ஒரு கொழுப்பு அமிலம் சேர்ந்தால் செராமைடு. செராமைடின் தலையில் ஒரு குளுக்கோஸ் உட்கார்ந்தால் குளுக்கோசெரிப்ரோசைடு. கோஷே செல்லின் மடிப்புகளில் அடைந்து கிடந்தது இதுதான். அந்தக் குளுக்கோஸின்மேல் இன்னொரு சர்க்கரை, அதன்மேல் இன்னொன்று என்று கட்டிக்கொண்டே போனால் நரம்பு செல்களில் நிறைந்திருக்கும் காங்லியோசைடுகள் வரை போகும்.

இங்கே கொஞ்சம் நின்று பந்தலைப் பார்க்கலாம். கல்யாண வீட்டில் பந்தல் போடும்போது வேடிக்கை பார்க்கத் தெருவே கூடும். மறுநாள் பிரிப்பதைப் பார்க்க யாரும் நிற்பதில்லை. ஆனால் பிரிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கடைசியாகக் கட்டிய முடிச்சை முதலில் அவிழ்க்க வேண்டும். தோரணம், பிறகு துணி, பிறகு கீற்று, பிறகு குறுக்குக் கழி, கடைசியில் கால். நடுவில் ஒரு முடிச்சு அவிழவில்லை என்றால் அதற்கடுத்த எந்த வேலையும் நடக்காது. கழிகள் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும், போகாது. வாசலிலேயே கிடக்கும்.

உடம்பில் இந்தப் பிரிப்பு வேலை ஓய்வதே இல்லை. ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் ஆயுள் முடிந்து மண்ணீரலுக்கும் கல்லீரலுக்கும் மஜ்ஜைக்கும் வந்து சேருகின்றன. அங்கே காத்திருப்பவை பெருவிழுங்கிகள். மேக்ரோபேஜ் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் இவை செத்த செல்களை முழுசாக விழுங்கும். விழுங்கியதைச் செரிக்க உள்ளே லைசோசோம் என்ற சிறு சிறு பைகள் உண்டு. 1955இல் பெல்ஜியத்தின் கிறிஸ்டியான் டி டூவ் அவற்றைக் கண்டு பேர் வைத்தார். அமிலம் நிறைந்த அந்தப் பைக்குள் நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. சிவப்பணுவின் சுவரில் இருந்த கொழுப்பின் நுனியிலுள்ள சர்க்கரையை ஒரு நொதி கத்தரிக்கும். அடுத்ததை அடுத்த நொதி. ஒருவருக்கு ஒரே ஒரு முடிச்சை அவிழ்க்கத்தான் தெரியும். செராமைடின்மேல் மிஞ்சும் கடைசிக் குளுக்கோஸை வெட்டுவது குளுக்கோசெரிப்ரோசிடேஸ். வாயில் நுழையாத பேர். 'கடைசி முடிச்சு நொதி' என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவும் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிரேடி வேலையைத் தொடங்கியபோது இல்லை.

அவர் 1923இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். 1947இல் ஹார்வர்டில் மருத்துவப் பட்டம். ஆனால் ஸ்டெதாஸ்கோப்பைவிடச் சோதனைக் குழாய் அவரை அதிகம் இழுத்தது. உடம்பு கொழுப்பு அமிலங்களை எப்படிக் கட்டுகிறது என்பது அவருடைய முதல் ஆர்வம். அதில் பேர் சொல்லும்படி வேலையும் செய்தார். கடற்படையில் இரண்டாண்டுச் சேவை முடித்து, 1954இல் மேரிலாண்டு மாநிலத்தின் பெதஸ்டாவில் உள்ள அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையங்களில் சேர்ந்தார். கோஷே நோய் கையில் வந்தபோது அவர் முதலில் சந்தேகப்பட்டதும் கட்டுமானத்தைத்தான்: கொழுப்பு குவிகிறதென்றால் ஒருவேளை அளவுக்கு மீறி உற்பத்தியாகிறதோ? அல்லது தவறான சர்க்கரையை ஒட்டிக் கட்டுகிறார்களோ? குவிந்த கொழுப்பில் இருப்பது குளுக்கோஸா காலக்டோஸா என்பதிலேயே அதுவரை ஆளுக்கொரு பேச்சு இருந்தது.

நோயாளிகளிடமிருந்து அறுவையில் எடுத்த மண்ணீரலைச் சீவல் சீவலாக வெட்டி, கதிரியக்கக் கார்பன் ஏற்றிய சர்க்கரையில் ஊறவைத்தார். சீவல்கள் இன்னும் உயிரோடு இருப்பவை. அவை புதிதாகக் கட்டும் கொழுப்பில் எவ்வளவு கதிரியக்கம் ஏறுகிறது என்று பார்த்தால் உற்பத்தி வேகம் தெரிந்துவிடும். தெரிந்தது. எல்லாம் இயல்பு. சர்க்கரை தவறவில்லை, வேகம் மிகவில்லை. பந்தல் போடுபவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அப்படியானால் பிரிப்பவர்களைத்தான் விசாரிக்க வேண்டும். அதற்கு, தலையிலுள்ள குளுக்கோஸில் மட்டும் கதிரியக்கக் கார்பன் உள்ள குளுக்கோசெரிப்ரோசைடு வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது. உலகத்தில் எங்குமே இல்லை. இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்திலிருந்து டேவிட் ஷபீரோ என்ற வேதியியலாளர் பெதஸ்டாவுக்கு வந்து அதைச் செய்து கொடுத்தார். இந்த மாதிரிக் கதைகளில் இப்படிப்பட்ட ஆளின் பேர் சுலபமாக விடுபட்டுப்போகும். அவர் கட்டிக்கொடுத்த அந்த ஒரு பொருள் இல்லையென்றால் அடுத்த அடி கிடையாது.

பரிசோதனை எளியது. நலமாக உள்ளவர்களின் மண்ணீரல் திசுச் சாற்றில் இந்தக் கொழுப்பைப் போட்டால், கதிரியக்கக் குளுக்கோஸ் அறுபட்டு வெளியே வந்தது. நோயாளிகளின் சாற்றில் போட்டால் மிகக் கொஞ்சமே வந்தது. 1965இல் பிரேடி, ஜூலியன் கான்ஃபர், ஷபீரோ மூவரும் இதை வெளியிட்டார்கள். கோஷே எழுதி 83 ஆண்டுகள் கழித்து நோயின் காரணம் ஒரே வரியில் வந்தது: கடைசி முடிச்சை அவிழ்க்கும் ஆள் வேலைக்கு வரவில்லை.

அதன்பிறகு கதவுகள் சடசடவெனத் திறந்தன. அடுத்த ஆண்டே நீமன்-பிக் நோய்க்குக் காரணமான நொதிக் குறையை அவருடைய குழு கண்டது. 1967இல் ஃபேப்ரி நோய். கை கால் எரிச்சலில் தொடங்கிச் சிறுநீரகத்தில் முடியும் ஒன்று. குழந்தைகளின் மூளையைத் தின்னும் டே-சாக்ஸ் நோயின் நொதியை 1969இல் ஒக்காடா, ஓப்ரயன் என்ற இருவர் கண்டார்கள். முடிச்சுக்கு ஒரு நோய். கூடவே, மண்ணீரலை அறுக்காமல், ஊசியில் எடுத்த ரத்தத்தின் வெள்ளணுக்களிலேயே நொதியை அளந்து நோயை உறுதிசெய்யும் முறையும் வந்தது. யாருக்கு நோய் இல்லாமல் மரபணுக் குறை மட்டும் இருக்கிறது என்பதையும் இதே வழியில் தேட முடிந்தது. இந்த நோய்களில் பெரும்பாலானவை வர, தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுபட்ட பிரதிகள் சேர வேண்டும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே கோஷேயும் டே-சாக்ஸும் அதிகம். மாமன் மகள், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் நம் பக்கத்துக்கும் இந்தக் கணக்கு அந்நியமல்ல. ஒரே பாட்டனிடமிருந்து வந்த பழுது இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு அங்கே கூடுகிறது.

ஆள் வரவில்லையா, வேறு ஆளை அனுப்பு. 1966இலேயே பிரேடி இதை எழுதிவிட்டார்: குறையும் நொதியை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? சொல்ல எளிது. ஆனால் இது இன்சுலின் மாதிரியல்ல. இன்சுலின் ரத்தத்தில் மிதந்து, செல்லின் கதவைத் தட்டினால் போதும். இந்த நொதியோ ரத்தத்திலிருந்து குறிப்பிட்ட ஒரு வகைச் செல்லுக்குள் புகுந்து, அதற்குள்ளிருக்கும் பைக்குள் போய்ச் சேர வேண்டும். மனித நொதியாகவும் இருக்க வேண்டும். விலங்கினுடையதை உடம்பு எதிரியாகப் பார்க்கும். மனிதத் திசு பெருமளவில், யாருக்கும் தீங்கில்லாமல் எங்கே கிடைக்கும்? மஞ்சள் பைக்குள் போகவிருந்த பொருளின் நேரம் வந்தது.

1973இல் பிரேடியின் குழுவைச் சேர்ந்த பீட்டர் பென்ட்சேவ் நஞ்சுக்கொடியிலிருந்து அந்த நொதியைத் தூய்மையாகப் பிரித்தார். கைக்கு வந்தது மிகக் கொஞ்சம். இரண்டு நோயாளிகளுக்கு ஏற்றினார்கள். ஊசிக்கு முன்னும் பின்னும் கல்லீரலில் துணுக்கு எடுத்துப் பார்த்ததில், தேங்கிய கொழுப்பு இருவருக்குமே 26 சதவீதம் குறைந்திருந்தது. 1974இல் இது வெளியானது. வெற்றி வந்துவிட்டது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் பெரிய அளவில் நொதியைத் தயாரிக்க வேறு முறைக்குப் போனதும் பழைய பலன் வரவில்லை. ஒருவரிடம் கொஞ்சம் வேலை செய்யும், இன்னொருவரிடம் ஒன்றும் நடக்காது. நொதி என்னவோ ஒழுங்காகக் கத்தரிக்கிறது. குழாயில் போட்டுப் பார்த்தால் தெரிகிறது. பிறகு எங்கே போகிறது? கல்லீரலின் சாதாரணச் செல்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. அவற்றுக்கு அது தேவையே இல்லை. தேவைப்பட்ட பெருவிழுங்கிகளுக்குப் போனது மிகக் குறைவு. விலாசம் தப்பிய தபால்.

விலாசம் என்பதை இங்கே உவமையாக மட்டும் சொல்லவில்லை. ரத்தத்தில் போகும் பல புரதங்களின் உடம்பில் சர்க்கரைச் சங்கிலிகள் கிளை கிளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கிளையின் நுனியில் எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் எந்தச் செல் அதை இழுத்துக்கொள்வது என்பது முடிவாகிறது. கில்பர்ட் ஆஷ்வெல், அனடோல் மோரல் என்ற இருவர் இதைக் கண்டார்கள். ஆஷ்வெல்லும் அதே பெதஸ்டா வளாகத்துக்காரர். நுனியில் காலக்டோஸ் வெளியே தெரிந்தால் கல்லீரல் செல் அள்ளிக்கொள்ளும். பெருவிழுங்கிகள் தேடுவது மான்னோஸை. இது 1970களின் கடைசியில் தெளிவானது. நஞ்சுக்கொடி நொதியின் கிளையிலும் மான்னோஸ் இருந்தது. மேலே மூன்று அடுக்குச் சர்க்கரைக்குக் கீழே மறைந்திருந்தது.

அந்த மூன்று அடுக்கையும் உரிக்க மூன்று வேறு நொதிகளைப் பயன்படுத்தினார்கள். முதலில் சியாலிக் அமிலம், பிறகு காலக்டோஸ், பிறகு இன்னொரு சர்க்கரை. அதன் அடியில் மான்னோஸ். இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. சர்க்கரையைச் சரியான வரிசையில் கழற்ற ஆளில்லாததால் வந்த நோய்க்கு, சர்க்கரையைச் சரியான வரிசையில் கழற்றித்தான் மருந்து செய்ய முடிந்தது. பந்தல் பிரிக்கும் ஆளின் தலைமேலேயே ஒரு சின்னப் பந்தல் இருந்திருக்கிறது. அதைப் பிரித்த பிறகுதான் அவரால் வேலைக்குப் போக முடிந்தது.

1980களின் நடுவில் எட்டு நோயாளிகளுக்கு இந்தப் புது நொதியைக் கொடுத்தார்கள். ஏழு பேரிடம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. ஒரே ஒரு நான்கு வயதுப் பையனுக்கு மட்டும் ஹீமோகுளோபின் ஏறியது, பெருத்த மண்ணீரல் சுருங்கியது. எட்டில் ஒன்று என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள், ரத்தம் இறங்கியது. மறுபடி கொடுத்தார்கள், ஏறியது. தற்செயல் இல்லை. பிறகு ஏன் இவனுக்கு மட்டும்? விடை வெட்கப்படும் அளவுக்கு எளியது. எட்டுப் பேரில் இவன்தான் சின்னவன். எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்திருந்ததால், எடைக் கணக்கில் பார்த்தால் இவனுக்குத்தான் போதிய மருந்து கிடைத்திருந்தது. மற்றவர்களுக்கு அண்டாவில் போட்ட சிட்டிகை உப்பு.

அளவை எடைக்கேற்ப உயர்த்தி 12 பேருக்குக் கொடுத்தபோது எல்லோரும் தேறினார்கள். 1991 ஏப்ரலில் அமெரிக்க அரசு மருந்துக்கு அனுமதி கொடுத்தது. 1966இல் எழுதிய யோசனை நரம்பில் இறங்க 25 ஆண்டுகள்.

விலை அதிர்ச்சியாக இருந்தது. ஒரு பெரியவருக்கு ஆண்டுக்கு லட்சக்கணக்கான டாலர். ஆராய்ச்சியில் பெரும்பகுதி அரசுப் பணத்தில் நடந்தது, விலையை வைப்பது தனியார் நிறுவனமா என்று அமெரிக்க நாடாளுமன்றம்வரை பேச்சு போனது. இருபதாயிரம் நஞ்சுக்கொடி என்ற கணக்கைப் பார்த்தால் விலை புரிகிற மாதிரி இருக்கும். ஆனால் 1994இல் நஞ்சுக்கொடி தேவையில்லாமல் போய்விட்டது. மனித மரபணுவைச் சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் பொருத்தி, தொட்டியில் வளர்த்து நொதியை எடுக்கத் தொடங்கினார்கள். விலை அதற்கேற்ப இறங்கவில்லை. 2012இல் இஸ்ரேலிய நிறுவனம் ஒன்று கேரட்டின் செல்களிலிருந்தே இந்த நொதியைத் தயாரித்து அமெரிக்க அனுமதி வாங்கியது. கேரட் செல்லின் ஒரு குறிப்பிட்ட அறைக்கு அனுப்பினால், நொதி மான்னோஸ் வெளியே தெரிந்தபடியே வெளிவருகிறது. பெதஸ்டாக்காரர்கள் மூன்று கத்தரி வைத்து உரித்ததை ஒரு காய்கறி தானாகவே செய்துவிடுகிறது.

இந்தியாவில் 2021இல் வந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் கோஷே நோயும் உண்டு. மறு ஆண்டு உதவி வரம்பு 50 லட்சம் ரூபாயானது. பெரிய தொகைதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க ஏற்ற வேண்டிய மருந்து இது, அளவோ எடைக்கேற்ப. மற்ற வீட்டில் பிள்ளை இரண்டு கிலோ கூடினால் பாட்டி திருஷ்டி சுற்றிப் போடுவார். இந்த வீட்டில் அப்பா கணக்கு நோட்டை எடுக்க வேண்டியிருக்கும்.

நேர் எதிர்த் திசையில் யோசித்தவரும் ஒருவர் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் நார்மன் ராடின். பிரிப்பவர் மெதுவாகத்தான் வேலை செய்வார் என்றால், போடுபவரையும் கொஞ்சம் மெதுவாகப் போடச் சொல்லலாமே என்றார். செல் சுவருக்கு வேண்டிய கொழுப்பையே குறைப்பதா என்று பலர் முகம் சுளித்த யோசனை. அந்த வழியில் வந்த மாத்திரைகள் இன்று கடையில் இருக்கின்றன. ராடினின் வேலையிலிருந்து நேராகக் கிளைத்த ஒன்றுக்கு 2014இல் அனுமதி கிடைத்தது.

ஊசிக்கு ஒரு எல்லை உண்டு. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை இவ்வளவு பெரிய புரதத்தால் தாண்ட முடியாது. மூளையைத் தொடும் கோஷே வகைகளுக்கும், டே-சாக்ஸுக்கும் இந்த வழி உதவவில்லை. தூடிஹும் மூளையில் கண்ட விடுகதை மூளையில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அந்த மூளைப் பக்கமிருந்துதான் எதிர்பாராத ஒரு செய்தி வந்தது. பெதஸ்டாவில் எல்லன் சிட்ரான்ஸ்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவும், கோஷே நோயாளிகள் சிலருக்குப் பார்க்கின்சன் நோயின் நடுக்கமும் விறைப்பும் வருவதைக் கவனித்தார்கள். குடும்ப வரலாறு கேட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. கோஷே நோயே இல்லாத தாத்தாவுக்கு, பெரியப்பாவுக்கு, அத்தைக்குக் கை நடுங்கியிருக்கிறது. இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் பழுதானவர்கள். அதுவரை மருத்துவம் ஆரோக்கியமானவர்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தவர்கள். உலகின் 16 மையங்களிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட பார்க்கின்சன் நோயாளிகளின் தரவைச் சேர்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மரபணுப் பழுது மற்றவர்களிடம் இருப்பதைவிட ஐந்து மடங்குக்கு மேல் அவர்களிடம் காணப்பட்டது. பழுதைச் சுமப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பார்க்கின்சன் வராமலே வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் எங்கோ சிலருக்கு வரும் ஒரு நோயின் நொதி, தெருவுக்கு ஒரு முதியவரைப் பிடிக்கும் நோயின் கதைக்குள் வந்துவிட்டது. பிரேடி இதையும் பார்த்தார். 2016இல், 92 வயதில் இறந்தார்.

நொதி மூளைக்குப் போகாது. மூளையிலேயே இருக்கும் அரைகுறை நொதியைத் தட்டி நிமிர்த்தி வேலைக்கு அனுப்ப ஒரு சிறு மூலக்கூறு கிடைக்குமா என்று, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்துகளைச் சலித்துப் பார்த்தார்கள். அதே 2009இல் சல்லடையில் ஒன்று தங்கியது. ஆம்ப்ராக்சால். சளி இருமலுக்கு நம் மருந்துக்கடைகளில் கொடுக்கும் பாட்டில்களைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள்; பலவற்றில் இந்தப் பேர் இருக்கும். கோணலாக மடிந்துபோன நொதியோடு அது ஒட்டிக்கொண்டு, நேராக மடியவைத்து, லைசோசோம் வரை கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. லண்டனில் 17 பார்க்கின்சன் நோயாளிகளுக்குக் கொடுத்து 2020இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், மருந்து மூளைத் தண்டுவட நீர்வரை போய்ச் சேருவதைக் கண்டார்கள். நோயை நிறுத்துமா என்று அறியப் பெரிய ஆய்வுகள் தொடர்கின்றன. அந்த ஆய்வில் கொடுத்தது நாளைக்கு 1,260 மில்லிகிராம். இருமல் மாத்திரையில் இருப்பது 30. பாட்டிலைக் குடித்துச் சோதிக்கும் விஷயம் அல்ல.

ஆம்ப்ராக்சாலின் தாய் மருந்து ப்ரோம்ஹெக்சின். அதை வேதியியலாளர்கள் செதுக்கியது வாசிசின் என்ற ஒரு செடிச் சத்தைப் பார்த்து. வாசிசின் இருப்பது ஆடாதோடை இலையில். இருமலுக்குப் பாட்டி கஷாயம் போடும் அதே ஆடாதோடை. ஆடு தொடாத கசப்பு என்பதால்தான் அந்தப் பேர் என்பார்கள். வேலியோரத்தில் யாரும் நீர் ஊற்றாமலே வளர்ந்துகொண்டிருக்கிறது.